விண்டோஸை விட்டு விலகினால் வாடிக்கையாளரின் இரகசியம் காக்கப்படுமா?

வாசகி ஒருவரின் கேள்வி:

மட்டக்களப்பு நகரில் நீதிமன்றத்துக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் இருபத்திரண்டு வருடங்களாகச் சிறியதொரு மொழிபெயர்ப்பு, தட்டச்சு நிலையத்தை நடத்தி வருகிறேன். நான் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர். பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள், விவாகரத்துத் தீர்ப்புகள், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதிகள், தூதரகங்களுக்குப் போகும் சத்தியக் கடதாசிகள் எல்லாம் என் மேசைக்கு வருகின்றன. புதிய விண்டோஸ் சில வினாடிகளுக்கு ஒருமுறை திரையைப் படமெடுத்துச் சேமித்து வைக்கிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து மனம் அமைதியாக இல்லை. வீட்டுக்கு யார் வந்தார், எப்போது போனார் என்று பதிந்துவைத்த காலத்தைக் கண்டவள் நான். அந்த வேலையை இப்போது என் கணினியே செய்கிறதா? கனடாவில் இருக்கும் தம்பி லினக்ஸுக்கு மாறச் சொல்கிறார். கணினி திருத்தும் பையனோ விண்டோஸ் 11ஐப் போட்டுத் தருகிறேன் என்கிறான். என்னிடம் இருப்பது 2018இல் வாங்கிய, இன்டெல் ஏழாந் தலைமுறை ஐ5 மடிக்கணினி, 8 ஜீபி நினைவகம், விண்டோஸ் 10. கெனன் எல்பிபி 2900 பிரின்டரும் ஒரு ஸ்கானரும் உண்டு. இரண்டு பிள்ளைகள் பின்னேரங்களில் வந்து தட்டச்சுக்கு உதவுகிறார்கள். பழைய கோப்புகள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் உள்ளன. என்ன செய்யலாம், ஐயா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அஞ்சுகிற வசதி உங்கள் கணினியில் இல்லை. அந்தக் கணினியில் அது வரவும் முடியாது. முதலில் இதைத் தெளிவாக்கிவிட்டால் மற்றவற்றை நிதானமாகப் பேசலாம். நீங்கள் கேள்விப்பட்டது ரீகோல் எனும் வசதியைப் பற்றி. அது செயற்கை நுண்ணறிவுக் கணக்கீட்டுக்கென்றே தனிச் செயலி (புரொசெசர்) பொருத்தப்பட்ட, குறைந்தது 16 ஜீபி நினைவகம் கொண்ட, கோபைலட் பிளஸ் என்ற பெயரில் விற்கப்படும் புதிய கணினிகளில் மட்டுமே இயங்கும். அந்தத் தனிச் செயலி வினாடிக்கு 40 இலட்சம் கோடி கணிப்புகளைச் செய்யவல்லதாக இருக்க வேண்டும் என்பது மைக்ரோசொப்ட் வைத்த நிபந்தனை. 2018ஆம் ஆண்டு மடிக்கணினியில் அப்படியொரு செயலியே கிடையாது. திருத்துகிற பையன் விண்டோஸ் 11ஐப் போட்டுத் தந்தாலும் ரீகோல் அதில் தலைகாட்டப் போவதில்லை.

அதற்காக உங்கள் அச்சம் ஆதாரமற்றது என்று நான் சொல்லமாட்டேன். ரீகோல் 2024 மே 20ஆந் திகதி அறிவிக்கப்பட்டபோது, திரையில் தெரிவதைச் சில வினாடிகளுக்கு ஒருமுறை படமெடுத்து, அதிலுள்ள எழுத்துகளைப் பிரித்தெடுத்து, பின்னர் தேடிப் பார்க்கும்படி சேமிப்பதாகவே அது அமைந்திருந்தது. பாதுகாப்பு ஆய்வாளர்கள் அதைச் சோதித்தபோது, படங்களிலிருந்து பிரித்தெடுத்த எழுத்துகள் அனைத்தும் சாதாரணத் தரவுத்தளக் கோப்பொன்றில் மறைகுறியாக்கம் (கடவுச்சொல் இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றிவைத்தல்) ஏதுமின்றிக் கிடந்ததைக் கண்டார்கள். கணினிக்குள் புகுந்த எந்தத் திருட்டு நிரலும் அந்த ஒரே கோப்பை அள்ளிக்கொண்டு போயிருக்கலாம். எதிர்ப்பு வலுத்ததால் ஜூன் 18இல் வரவிருந்த அந்த வசதி நிறுத்திவைக்கப்பட்டது. பின்னர் பயனர் விரும்பி இயக்கினால் மட்டும் வேலை செய்வதாகவும், முகம், விரல் அடையாளம் அல்லது இரகசிய இலக்கத்தால் மட்டுமே திறக்கப்படுவதாகவும், மறைகுறியாக்கப்பட்டதாகவும், வேண்டாதவர் முற்றாக நீக்கிவிடக்கூடியதாகவும் மாற்றப்பட்டு, 2025 ஏப்ரலில்தான் பொதுப் பாவனைக்கு வந்தது. அதற்குப் பிறகும் சிக்னல் எனும் செய்திச் செயலி, தன் சாளரம் ரீகோலின் படங்களில் விழாதபடி 2025 மேயில் ஒரு தடுப்பை இயல்பாகவே இயக்கி வைத்தது. துறைக்குள் இருப்பவர்களே முழுமையாக நம்பாத ஒன்றைப் பார்த்து நீங்கள் கலங்கியதில் தவறில்லை. அடுத்து ஒரு புதிய மடிக்கணினி வாங்கும்போது இந்தக் கவலையைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்.

இப்போது உங்கள் மேசையில் இருக்கும் விண்டோஸ் 10க்கு வருவோம். அதுவும் சிலவற்றைப் பதிகிறது. அந்தப் பதிவுகளில் கணினிக்குள்ளேயே தங்குபவை வேறு, இணையம் வழியே வெளியே போகிறவை வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலருக்குத் தேவையான இடத்தில் பயம் வராமல், தேவையற்ற இடத்தில் வருகிறது. உள்ளே தங்குபவற்றில் அண்மையில் திறந்த கோப்புகளின் பட்டியல், செயற்பாட்டு வரலாறு, படக்கோப்புகளின் சிறுவடிவப் படங்கள் ஆகியவை முக்கியமானவை. ஒருவரின் அடையாள அட்டைப் படத்தை நீங்கள் அழித்துவிட்ட பிறகும் அதன் சிறுவடிவம் வேறொரு மறைவான கோப்பில் சில காலம் எஞ்சியிருக்கக்கூடும். 2018இல் டைம்லைன் என்ற பெயரில் வந்த வசதி, எந்தக் கோப்பை எப்போது திறந்தீர்கள் என்பதை நாள்வாரியாகக் காட்டியது. மைக்ரோசொப்ட் கணக்கின் வழியாக அதை மற்றச் சாதனங்களோடு ஒத்திசைக்கும் வேலை 2021இல் நின்றுவிட்டது.

வெளியே போகிறவை ‘டயக்னொஸ்டிக்’ தரவுகள். வீட்டுப் பாவனை விண்டோஸில் இவற்றை முற்றாக நிறுத்த வழியில்லை. கட்டாயமானவை, விருப்பத்துக்குரியவை என்று இரண்டு மட்டங்கள் மட்டுமே உண்டு. கட்டாய மட்டம் பெரும்பாலும் கணினியின் வகை, இற்றைப்படுத்தல் சரியாக நடந்ததா என்பன போன்றவற்றை அனுப்புகிறது. விருப்ப மட்டத்தில் நீங்கள் கவனிக்க வேண்டிய ஒரு சங்கதி இருக்கிறது. ஒரு மென்பொருள் திடீரென்று முடங்கினால் அந்த நேரத்து நினைவகத்தின் நிலையும் சேர்த்து அனுப்பப்படலாம் என்றும், அப்போது திறந்திருந்த கோப்பின் பகுதிகள் தற்செயலாக அதில் அடங்கியிருக்கலாம் என்றும் மைக்ரோசொப்ட் தானே எழுதி வைத்திருக்கிறது. யாரோ ஒருவரின் விவாகரத்துத் தீர்ப்பு திறந்திருக்கும் வேளையில் வேர்ட் முடங்குவது உங்கள் கடையில் நடக்காத காரியமல்லவே. இன்றைக்கே ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘பிரைவசி’க்குள் சென்று, விருப்ப மட்டத்தைக் கட்டாய மட்டத்துக்கு இறக்கிவிடுங்கள், தட்டச்சு மாதிரிகளை அனுப்பும் தெரிவையும் விளம்பர அடையாளத்தையும் செயற்பாட்டு வரலாற்றையும் நிறுத்திவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்றைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. மைக்ரோசொப்ட் கணக்கோடு அமைக்கப்பட்ட கணினிகளில் டெஸ்க்டொப், டொகியுமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய மூன்று கோப்புறைகளும் மைக்ரோசொப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவுக்கு நகலெடுக்கப்படும் நிலை இருக்கிறது. ‘ஆம்’ என்று எப்போது அழுத்தினோம் என்பது பலருக்கு நினைவிலேயே இருப்பதில்லை. திரையின் படத்தைப் பற்றிக் கவலைப்படுகிற நாம், முழுக் கோப்பும் கடல் கடந்து போவதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். திரையின் வலது கீழ் மூலையில் முகில் வடிவச் சின்னம் இருக்கிறதா, ஸ்கான் செய்த கோப்புகளின் அருகில் சிறிய முகில் அல்லது பச்சைச் சரி அடையாளம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் முதலில் கோப்புகளை வேறொரு வன்தட்டுக்கு நகலெடுத்துவிட்டு, அதன் பின்னர் அந்த நகலெடுப்பை நிறுத்துங்கள். வரிசை மாறினால், சில வேளைகளில் கோப்புகள் முகிலில் மட்டும் இருந்து கணினியில் இல்லாமற் போன உணர்வு ஏற்படும். அந்தப் பதற்றம் வேண்டாம்.

அடுத்ததைக் கேட்கத் தயக்கமாக இருக்கிறது; ஆனாலும் கேட்டுத்தான் ஆகவேண்டும். வேலை குவியும் நாட்களில், ஒரு பந்தியை இணைய மொழிபெயர்ப்புக் கருவியிலோ செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலியிலோ ஒட்டி முதல் வரைவை எடுத்துக்கொள்வதுண்டா? நீங்கள் செய்யாவிட்டாலும், உதவிக்கு வரும் பிள்ளைகள் செய்வதுண்டா? பொலிஸ் முறைப்பாட்டின் பந்தியொன்றைப் பெயரோடும் முகவரியோடும் அப்படி ஒட்டினால், விண்டோஸின் எந்தப் பதிவும் செய்யாத அளவு முழுமையாக அந்தத் தகவலை நாமே கொண்டுபோய்க் கொடுத்தவர்களாகிறோம். இயங்குதளம், அதாவது விண்டோஸ், லினக்ஸ் போன்று கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள், எதுவாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. சொல்லொன்றின் பொருளைத் தேடுவது வேறு. ஆவணத்தை ஒட்டுவது வேறு. தவிர்க்க முடியாத நேரத்தில் பெயர், இலக்கம், ஊர் ஆகியவற்றை நீக்கிய பின்னரே ஒட்ட வேண்டும் என்று கடையில் ஒரு விதியை இன்றே வையுங்கள்.

இனி, திருத்துகிற பையனின் யோசனை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியோடு முடிந்தது. மேலதிகமாக ஓராண்டுக்கு, அதாவது 2026 ஒக்டோபர் 13 வரை, பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களைப் பெறப் பதிந்துகொள்ளலாம். ஆனால் அதற்கு மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைய வேண்டும் என்பது, தனியுரிமையைக் காக்க வழி தேடி வந்தவருக்குச் சற்றே வேடிக்கையாகத்தான் இருக்கும். விண்டோஸ் 11ஐப் பொறுத்தவரை, உங்களுடைய ஏழாந் தலைமுறைச் செயலி அதன் பட்டியலில் இல்லை. பொதுவாக எட்டாந் தலைமுறையிலிருந்தே இன்டெல் செயலிகள் ஏற்கப்படுகின்றன. நிறுவல் சோதனையைத் தாண்டிச் செல்லும் குறுக்குவழி இருப்பது உண்மை. அப்படி நிறுவப்பட்ட கணினிக்கு இற்றைப்படுத்தல் கிடைக்கும் என்ற உத்தரவாதத்தை மைக்ரோசொப்ட் தருவதில்லை.

அந்தப் பையன் உரிமம் வாங்கிப் போடுவானா, உரிமமில்லாமலே விண்டோஸைச் செயற்படுத்தும் ‘கிராக்’ கருவியைப் போடுவானா என்பதையும் கேட்டுப் பாருங்கள். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் 10 எப்படிச் செயற்படுத்தப்பட்டது என்பதும் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். இந்தக் கருவிகள் முதலில் கேட்பதே வைரஸ் தடுப்பை நிறுத்திவிடும்படிதான். சேமித்து வைத்த கடவுச்சொற்களைத் திருடும் நிரல்கள் இப்படிப்பட்ட கருவிகளோடு ஒட்டிக்கொண்டு வந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2021இல் கண்டறிந்து வெளியிட்டார்கள். முன்வாசலில் நிற்கும் பெரிய நிறுவனத்தைப் பார்த்து அஞ்சிக்கொண்டே பின்கதவின் திறப்பை முகந்தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிடுகிற நிலை இது. நீங்கள் இயங்குதளத்தை மாற்ற வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதற் காரணமும் இதுவே. ரீகோல் அதற்குக் காரணமல்ல.

ஆகவே, மாறுங்கள். தம்பி சொன்னது சரி. அவர் சொன்ன காரணத்தைத்தான் நான் சற்று மாற்றுகிறேன். பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகள் இயங்குதளத்தைப் ‘பணிசெயல் முறைமை’ என்று எழுதுவார்கள். அந்தச் சொல் கணினியின் அடித்தளத்தில் நிற்பது எது என்பதை நன்றாகவே உணர்த்துகிறது. உங்களுக்கு நான் பரிந்துரைப்பது லினக்ஸ் மின்ட், அதிலும் சினமன் பதிப்பு. இலவசம், கணக்கு எதுவும் திறக்கத் தேவையில்லை, பயன்பாட்டுத் தரவைத் திரட்டி அனுப்பும் ஏற்பாடு அதில் இல்லை, 2024இல் வந்த 22ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. 4 ஜீபி நினைவகமே போதும் என்னும்போது உங்களிடம் இருக்கும் 8 ஜீபி தாராளம். ஆப்பிள் கணினியைப் பற்றி யாராவது சொன்னால், விலையை விடுங்கள், அதுவும் தன் நிறுவனத்தோடு பேசிக்கொள்கிற இயந்திரந்தான். 2020 நவம்பரில் ஆப்பிளின் சேவையகம் ஒன்று தடுமாறியபோது உலகெங்கும் மக் கணினிகளில் மென்பொருள்கள் திறக்கத் தாமதமாகின; மென்பொருளைத் திறக்கும்போது கணினி வெளியே கேட்டுப் பார்க்கிறது என்பது பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

லினக்ஸ் என்ற பெயருக்கே புனிதம் கற்பிக்கவும் வேண்டாம். உபுண்டு 2012இல் தன் 12.10 பதிப்பில், பயனர் தம் கணினியில் கோப்பைத் தேடத் தட்டச்சிட்ட சொல்லையே வெளியே அனுப்பி, அமேசன் பொருட்களைத் தேடல் முடிவுகளோடு சேர்த்துக் காட்டியது. பலத்த கண்டனத்துக்குப் பிறகு, 2016இல் வந்த 16.04 பதிப்பில்தான் அது இயல்பாக நிறுத்தப்பட்டது. லினக்ஸ் மின்டிலும் அண்மைய கோப்புகளின் பட்டியல் உண்டு, சிறுவடிவப் படங்களின் சேமிப்பும் உண்டு. அவை வெளியே போவதில்லை. ஆனால் உங்கள் நாற்காலியில் வந்து அமர்பவருக்குத் தெரியும். சினமனின் அமைப்புகளில் ‘பிரைவசி’ என்ற பகுதியில் அண்மைய கோப்புகளை நினைவில் வைக்கும் தெரிவை நிறுத்திவிடலாம். பயர்பொக்ஸ் பிரவுசரும் இயல்பு நிலையில் சில தொழினுட்பத் தரவுகளைத் தன் நிறுவனத்துக்கு அனுப்பும். அதையும் அதன் அமைப்புகளில் நிறுத்தலாம்.

இனி உங்கள் தொழிலின் உயிர்நாடியான பாமினி. இந்த விடயத்தில் தம்பிக்கு அனுபவம் இருக்க வாய்ப்பில்லை. ஆகவே விரிவாகவே எழுதுகிறேன். பாமினியில் தட்டச்சிட்ட கோப்பு உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே இருக்கிறது. எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. ஆகவே நீங்கள் பயன்படுத்தும் அதே பாமினி எழுத்துருக் கோப்பை லினக்ஸின் எழுத்துருக் கோப்புறையில் இட்டால், வேர்டுக்குப் பதிலாக லினக்ஸில் பயன்படும் லிப்ரே ஒபிஸில் உங்கள் பழைய கோப்புகள் தமிழிலேயே திறக்கும்; விசைப்பலகையிலும் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஒரேயொரு முன்னெச்சரிக்கை: வசனத்தின் முதலெழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும் வசதி லிப்ரே ஒபிஸிலும் உண்டு. பாமினியில் அது ‘அவர்’ என்பதை ‘ஆவர்’ ஆக்கும். ‘எனது’ என்பதை ‘ஏனது’ ஆக்கும். வேர்டில் என்றோ அதை நிறுத்தி வைத்ததை நீங்கள் மறந்தே போயிருப்பீர்கள். சத்தியக் கடதாசியின் முதல் வரியில் அது மீண்டும் தலைகாட்டுமுன் புதிய இடத்திலும் நிறுத்திவிடுங்கள்.

பாமினியில் இருப்பதால் இயந்திரங்களுக்கு நம் கோப்பு விளங்காது என்று ஆறுதல் கொள்பவர்களையும் சந்தித்திருக்கிறேன். அந்த எழுத்தை ஒருங்குறிக்கு, அதாவது எல்லாக் கணினிகளும் தமிழாகவே படிக்கும் யூனிக்கோடுக்கு, மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. எனவே அது இரகசியக் காப்பாகாது.

புதிய கோப்புகளையாவது ஒருங்குறியில் எழுதத் தொடங்குங்கள். லினக்ஸ் மின்டில் ஐபஸ் எனும் உள்ளீட்டுக் கருவியையும் எம்17என் பொதிகளையும் நிறுவினால், இலங்கைத் தட்டச்சு முறையில் பழகியவர்களுக்கான ரெங்கநாதன் விசைப்பலகை அதில் கிடைக்கும். விண்டோஸோடு வரும் லதா எழுத்துரு லினக்ஸில் இராது. அதற்குப் பதிலாக நோட்டோ தமிழ் எழுத்துருவைப் பயன்படுத்தலாம், ஆனால் வரிகளின் நீளம் சற்று மாறும். தூதரகத்துக்குப் போகும் பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்புக்கு நீங்கள் அட்டவணை வடிவில் ஒரு மாதிரி வைத்திருப்பீர்கள். வேர்டில் ஒரே பக்கத்தில் அடங்கிய அந்த அட்டவணை லிப்ரே ஒபிஸில் இரண்டாம் பக்கத்துக்கு ஒரு வரியைத் தள்ளிவிடக்கூடும். பத்துப் பன்னிரண்டு மாதிரிகளையும் ஒருமுறை உட்கார்ந்து சீர்செய்து, புதிய வடிவில் சேமித்துவிட்டால் அந்தத் தொல்லை தீரும். வாடிக்கையாளருக்கு அனுப்பும் பிரதியை எப்போதும் பீடிஎஃப் ஆக்கியே அனுப்புங்கள்.

இதை நான் அனுபவப்பட்டே சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்னர் கல்லடிப் பாலத்துக்கு அப்பால் ஒரு சிறிய அலுவலகத்தின் நான்கு கணினிகளையும் ஒரே சனிக்கிழமையில் லினக்ஸுக்கு மாற்றிவிட்டு, பெருமிதத்தோடு வீடு திரும்பினேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் மூன்று தொலைபேசி அழைப்புகள். கடிதத் தலைப்பு ஓரிடத்தில், கையொப்பமிடும் இடம் அடுத்த பக்கத்தில். குற்றம் முழுவதும் என்னுடையது: மென்பொருளைச் சோதித்தேனே தவிர, அவர்களுடைய கோப்புகளில் ஒன்றைக்கூடத் திறந்து அச்சிட்டுப் பார்க்கவில்லை. புதன்கிழமை இரண்டு கணினிகளைப் பழைய நிலைக்கே திருப்ப வேண்டியதாயிற்று.

அதனால் உங்களுக்கு நான் சொல்லும் முறை மெதுவானது. 8 ஜீபி பென்டிரைவ் ஒன்றில் லினக்ஸ் மின்டை ஏற்றுங்கள். தரவிறக்கம் ஏறத்தாழ 3 ஜீபி என்பதால் தம்பி விடுமுறையில் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, உதவிக்கு வரும் பிள்ளைகளில் ஒருவரே செய்துவிடலாம். கணினியை அந்தப் பென்டிரைவிலிருந்து தொடக்கினால், வன்தட்டைத் தொடாமலே முழு லினக்ஸும் இயங்கும். அந்த நிலையில் ஒரு பாமினிக் கோப்பைத் திறந்து பாருங்கள், ஒரு சான்றிதழை ஸ்கான் செய்யுங்கள், ஒரு பக்கத்தை அச்சிட முயலுங்கள், இணையம் கிடைக்கிறதா என்று பாருங்கள். வேகம் சற்றுக் குறைவாக இருக்கும். அது பென்டிரைவின் வேகம், கணினியின் வேகம் அல்ல.

அச்சிடும் கட்டத்தில் தடுக்கப் போவது உங்கள் பிரின்டர். எல்பிபி 2900 உழைப்பில் குறை சொல்ல முடியாத இயந்திரம். நம் பகுதியின் தட்டச்சுக் கடைகளில் அதைப் பார்க்கலாம். ஆனால் அது தயாரிப்பாளரின் தனிப்பட்ட மொழியில் மட்டுமே கணினியோடு பேசுவது. லினக்ஸில் அதை இயக்குவது முடியாத காரியமல்ல என்றாலும், ஒருமுறை இயங்கி மறுமுறை மறுக்கும் இயல்புடையது. அதற்காகப் புதிய பிரின்டர் வாங்கச் சொல்ல எனக்கு மனமில்லை. பீடிஎஃப் ஆக்கிய கோப்பைப் பென்டிரைவில் எடுத்து, இணையத் தொடர்பே இல்லாத பழைய விண்டோஸ் கணினி ஒன்றில் அச்சிடலாம். கடையின் மூலையில் அப்படியொன்று தூசு படிந்து கிடக்கும் என்றே நினைக்கிறேன். இணையம் இல்லாத கணினியில் விண்டோஸ் எதைப் பதிந்தாலும் அது வெளியே போக வழியில்லை. என்றாவது பிரின்டர் மாற்றும் நாள் வந்தால், லினக்ஸில் இயங்குமா என்று கேட்டு வாங்குங்கள். எச்பியின் பெரும்பாலான மாதிரிகளுக்கு அந்நிறுவனமே லினக்ஸ் இயக்கியைத் தருகிறது.

நிறுவும்போது இருக்கும் வன்தட்டை அழித்து எழுத வேண்டாம். 256 ஜீபி எஸ்எஸ்டி (வேகமான புதிய வகை வன்தட்டு) ஒன்றை வாங்கி, பழைய வன்தட்டைக் கழற்றி எடுத்துவிட்டு, புதியதில் லினக்ஸை நிறுவச் சொல்லுங்கள். ஏதாவது பிசகினால் பழையதைத் திரும்பப் பொருத்தி அரை மணி நேரத்தில் வேலைக்குத் திரும்பலாம். கணினியும் முன்னைவிட வேகமாகும். நிறுவும் கட்டத்தில் வன்தட்டு முழுவதையும் மறைகுறியாக்கும் தெரிவு ஒன்று வரும். அதைக் கட்டாயம் தெரிவுசெய்யுங்கள். திருத்தக் கொடுக்கும் கடையில் கணினி இரண்டு நாள் கிடந்தாலும், களவு போனாலும், கடவுச்சொல் இல்லாமல் ஒரு பக்கத்தைக்கூடத் திறக்க முடியாமற் செய்வது இதுதான். உங்களுடைய தொழிலில் இந்த ஒரு தெரிவு, விண்டோஸின் எல்லாப் பதிவுகளையும் நிறுத்துவதைவிடப் பயன் தரும். அந்தக் கடவுச்சொல்லை மறந்தால் நானோ தம்பியோ யாருமோ மீட்டுத் தர முடியாது. ஆகவே அதைக் கடதாசியில் எழுதி, வீட்டில் காணி உறுதிகளை வைக்கும் இடத்தில் வையுங்கள். கோப்புகளின் நகலைத் தனியாக இன்னொரு மறைகுறியாக்கப்பட்ட வெளி வன்தட்டில் வாரமொருமுறை எடுத்துக்கொள்ளுங்கள். மாரிகாலத்தில் வெள்ளம் வாசலுக்கு வரும் ஊரில் அது மேசையின் கீழ் இலாச்சியில் இருக்கக்கூடாது.

பிள்ளைகளுக்குத் தனித்தனிப் பயனர் கணக்குகளை உருவாக்குங்கள். அவர்கள் மீது ஐயம் கொள்ளச் சொல்லவில்லை. ஒருவர் தட்டச்சிடும் கோப்பு மற்றவர் கண்ணில் படத் தேவையில்லை என்பதே வாடிக்கையாளருக்கு நாம் செய்யும் மரியாதை. சிறிய ஊரில், தீர்ப்பிலுள்ள பெயரைப் பார்த்ததும் ‘இவர் எங்கள் தெருவில் இருப்பவரல்லவா’ என்று தோன்றுவது இயல்பு; அந்தத் தகவல் பரவ இணையமே தேவையில்லை. ஆவணங்களை வட்ஸ்அப்பில் வாங்குகிறீர்கள் என்றும் ஊகிக்கிறேன். கடைக் கணினியின் பிரவுசரில் வட்ஸ்அப் நாள் முழுவதும் திறந்தே கிடக்குமானால், லினக்ஸ் எதையும் காக்காது. உங்கள் கைபேசியில் இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலைத் திறந்து, அடையாளம் தெரியாதவற்றை வெளியேற்றுங்கள். மாலையில் கடையைப் பூட்டும்போது கணினியிலிருந்தும் வெளியேறுங்கள். வேலை முடிந்து கட்டணம் பெற்று எவ்வளவு நாட்களில் கோப்பை அழிப்பது என்பதையும் தீர்மானியுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தரவைத் தேவைக்கு மேற்பட்ட காலம் வைத்திருக்கக்கூடாது என்ற கோட்பாட்டையே கொண்டிருக்கிறது. பதினைந்து வருடத்துக்கு முந்திய அடையாள அட்டைப் பிரதிகள் உங்கள் வன்தட்டில் இன்னும் இருந்தால், அவற்றை எந்த இயங்குதளத்துக்கும் கொண்டுபோகாமல் விடுவதே நல்லது.

கழற்றி வைத்த அந்தப் பழைய வன்தட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதங்களுக்கு அதைத் தொடாமல் பூட்டி வையுங்கள். அதற்குள் விடுபட்ட கோப்பு ஏதாவது நினைவுக்கு வந்தால், வெளி உறையொன்றில் பொருத்தி லினக்ஸிலிருந்தே படிக்கலாம். பிறகு விற்பதாக இருந்தாலும் யாருக்காவது கொடுப்பதாக இருந்தாலும், வெறுமனே ‘போர்மட்’ செய்து கொடுக்க வேண்டாம். விரைவாகச் செய்யும் போர்மட் உள்ளடக்கப் பட்டியலைத்தான் நீக்குகிறது, கோப்புகளை இலவச மென்பொருளாலேயே மீட்டுவிடலாம். லினக்ஸ் மின்டோடு வரும் ‘டிஸ்க்ஸ்’ கருவியில், முழுத் தட்டின் மீதும் சுழியங்களை எழுதி அழிக்கும் தெரிவு உண்டு. தட்டின் அளவைப் பொறுத்துச் சில மணி நேரம் எடுக்கும்; இரவில் தொடக்கிவிட்டுப் போனால் காலையில் முடிந்திருக்கும். எந்தத் தட்டைத் தெரிவுசெய்திருக்கிறீர்கள் என்பதை மட்டும் அழுத்துமுன் இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.